உலகம் விட்டு உலகம் போகும் கதை நமக்கு ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் தொடர்கதைப் போட்டி அறிவித்தலைப் பார்த்தேன். இலங்கை மலையகத்து இளம் எழுத்தாளர்களிடம் நாவல் கேட்டு, தெரிவாவதை வாராவாரம் தொடராகப் போடப் போகிறீர்கள். நல்ல சேதி. 2022இல் காகிதத் தட்டுப்பாடு வந்து பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்த காலத்தை நினைத்தால், ஒரு முழுப் பக்கத்தைக் கதைக்கு ஒதுக்க இன்றைக்கு ஒரு ஆசிரியர் துணிவதே பெரிய காரியம். ஆனால் நிபந்தனைகளுக்குள் ஒரு வரி கிடக்கிறது. மலையக வாழ்வை யதார்த்தமாகச் சொல்லும் கதைகள் மட்டும்தான் வேண்டுமாம், மாயாஜாலமும் கற்பனை உலகமும் ஏற்கப்பட மாட்டாதாம். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நான் மஸ்கெலியாப் பக்கம் தமிழ் படிப்பிக்கிறவன், பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருகிற மாயக் கதைகளை உங்களைவிட அதிகமாக வாசித்தவன். பனி மூடிய கோட்டை, வெள்ளைக் குதிரை, நெருப்புக் கக்கும் டிராகன், பிறக்கும்போதே உலகைக் காப்பாற்றுவான் என்று எழுதிவைக்கப்பட்ட ஒரு அநாதைப் பையன். டப்பிங் படத்தில் பார்த்ததை அப்படியே இறக்கி வைப்பார்கள். பனி என்றால் நமக்குத் தெரிந்தது தை மாசியில் நுவரெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுகிற உறைபனி, அதைப் பற்றி ஒருவரும் எழுத மாட்டார்கள். சரி, இதெல்லாம் குறைதான். ஆனால் பார்த்து எழுதுகிற குறை யதார்த்தக் கதைக்கு மட்டும் இல்லையா? துரை ஏசுகிறார், கங்காணி கணக்கில் ஏமாற்றுகிறார், அப்பா குடிக்கிறார், கடைசியில் அம்மா மழையில் மலையில் வழுக்கி விழுந்து சாகிறாள், பிள்ளை டொக்டராகித் திரும்பி வருகிறது. இந்தக் கதை எத்தனை கொப்பிகளில் எழுத்து மாறாமல் வந்திருக்கிறது என்று போட்டிக்கு நடுவராக இருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து வரிசை வீடான லயமும் கொழுந்துக் கூடையும் வந்துவிட்டால் மண்வாசனை வந்துவிட்டது என்று நாமாகவே மார்க்ஸ் போட்டுப் போட்டு வந்த வினை அது.

இப்போது நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, ஏ.எல். முடித்து இப்போது ஒரு உடுப்புக் கடையில் வேலை செய்கிறாள், ஒரு பெரிய நாவல் எழுதியிருக்கிறாள். சீ.ஆர். கொப்பிகளில், கையெழுத்தில், நாலு உலகங்களைப் பற்றி. வேறொரு போட்டிக்கு அனுப்பி, நமது மக்களின் பிரச்சினை இதில் இல்லை என்று ஒரு வரியில் திரும்பி வந்தது. உங்கள் அறிவித்தலைப் பார்த்துவிட்டு, இதுக்கும் அனுப்ப ஏலாது சேர் என்றாள். அவளுடைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன் (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்), அதில் பிரச்சினை இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

கதாநாயகி கொழுந்தெடுக்கிற ஒரு பெண்ணின் மகள். நில அளவைக் கூட்டத்தோடு அளவைச் சங்கிலி பிடிக்கப் போகிறாள். அந்தக் கூட்டம் அளக்கப் போவது இந்த உலகத்தை இல்லை. பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் நடுவில் கோச்சி (ரயில்) நுழைகிற சுரங்கத்தை நீங்கள் அறிவீர்கள். மத்திய மாகாணத்தையும் ஊவாவையும் பிரிக்கிற மலைமுதுகுக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே போகிறது அது. ஆனி ஆடியில் இந்தப் பக்கம் மழையும் மூட்டமுமாக உள்ளே நுழைந்தால் அந்தப் பக்கம் பளீரென்று வெயிலில் வெளியே வரலாம், வாடை மழைக் காலத்தில் அதுவே தலைகீழாகும். அந்தச் சுரங்கத்தில் ஒருநாள் கோச்சி நுழைந்து மூன்றாவது ஒரு பக்கத்தில் வெளியே வருகிறது. அவ்வளவுதான் அவளுடைய வாசல், மந்திரக் கண்ணாடியும் இல்லை, பேசும் மரமும் இல்லை. எனக்கு இதுவே போதும் என்று தோன்றியது, அந்தப் பாதையில் போய்வந்த எவருக்கும் போதும்.

அப்புறம்தான் அவள் கெட்டித்தனம். உலகம் விட்டு உலகம் போகிற கதையில் நான் முதலில் பார்ப்பது, கடந்துபோக என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைத்தான். சும்மா நுழைந்து சும்மா திரும்பலாம் என்றால் அது உல்லாசப் பயணம், அதற்கு எதற்கு நாவல். இவள் வாசலில் ஒரு கணக்கப்பிள்ளையை உட்கார வைத்திருக்கிறாள். அவன் கேட்பது துண்டு. ஒரு காலத்தில் நம் ஆட்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால், பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு கையில் இருக்க வேண்டும், புதுத் தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் வேலை. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அவளுடைய நாலு உலகங்களிலும் அது ஒழியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் துண்டு உரக்க வாசிக்கப்படும், பாட்டன் பட்டதும் சேர்த்து. இந்தியக் கரையில் மண்டபம் கேம்பில் நிறுத்தி நோய் பார்த்து, தோட்டத்து இலக்கம் போட்ட தகரத் தகட்டைக் கழுத்தில் மாட்டி நம் முன்னோரைக் கப்பலேற்றினார்களே, அந்தத் தகடும் வருகிறது. ஒரு உலகத்துத் தகட்டைக் கழற்றாமல் அடுத்த உலகத்துக்குள் போனால் பேச்சு எழாது, தொண்டை அடைத்துவிடும். இவளுக்கு இந்த விபரமெல்லாம் தெரிந்தது பாடப் புத்தகத்தில் இல்லை, வீட்டுக் கிழவி சொன்னதும் நூலகத்தில் தேடியதுமாகச் சேர்த்தது. நம் சரித்திரத்தை இப்படி ஒரு விதியாக மாற்றிக் கதையை ஓட்ட வைக்கிற வேலை எத்தனை யதார்த்த நாவலில் நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

இரண்டாவது உலகத்தில் நேரம் கிடையாது, நிறைதான் உண்டு. கொழுந்து நிறை சேரும் வரைக்கும் சூரியன் இறங்காது, நிறை குறைந்து அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போட்டால் மறுநாள் பாதிச் சூரியன்தான் உதிக்கும். மூன்றாவது உலகம் எங்கள் ஊர்க்காரருக்கு உடனே பிடிபடும். மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வரட்சி வந்து தண்ணீர் இறங்கினால் பழைய வழிபாட்டுத் தலங்களின் கட்டடங்கள் வெளியே தெரியும், ஆட்கள் குடும்பத்தோடு போய் பார்த்து வருவார்கள். அவளுடைய கதையில் அந்த டவுன் கீழே இன்னும் கடை திறந்து நடந்துகொண்டிருக்கிறது, அங்குள்ளவர்களுக்கு வயது போவது வரட்சி வருஷங்களில் மட்டும். சங்கிலிக்காரி அங்கே இறங்கி ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்காருகிற அத்தியாயத்தை வாசித்த இரவு நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை, அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

நாலாவது உலகத்தில்தான் கதை கனத்துப் போகிறது. அது இதே மலை, இதே தேயிலை, இதே லயம், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம். 1964 ஒக்டோபரில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு நம் சனத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், மிச்சமிருந்த 150,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணன் அங்கே தம்பி இங்கே என்று வீடுகள் உடைந்தன. போனவர்களில் நிறையப் பேர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய் மறுபடியும் தேயிலை மரத்துக்குக் கீழேதான் நின்றார்கள். பிறகு 80களில் போர் வந்து தலைமன்னார்க் கப்பல் நின்றது, இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போக முடியாமல் இங்கே தங்கிப்போனவர்கள் எத்தனை பேர், குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் அவர்களில் பலருக்கு எந்த நாடும் இல்லை. அவள் இதையெல்லாம் தலைப்புப் போட்டு எழுதவில்லை. நாலாவது உலகத்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் அங்கே தன்னைப் போலவே ஒருவரைச் சந்திக்கிறார்கள், அவர் உன்னால்தான் நான் இங்கே வந்தேன் என்கிறார். யார் போக வேண்டியவர், யார் இருக்க வேண்டியவர் என்று இருவருக்குள்ளும் ஒரு வழக்கு நடக்கிறது. இதை யதார்த்தமாக எழுதினால் மனு மாதிரி இருக்கும், அப்படி எழுதப்பட்ட கதைகளையும் நான் வாசித்திருக்கிறேன்.

இன்னொன்று. இந்த வகை நாவல்களில் வழக்கமாக வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவன்தான் நாயகன். அவன் ஒரு வெளியைக் கண்டுபிடிப்பான், தன் ராஜா பெயரை அதற்கு வைப்பான், பெட்டி சுமந்து வந்தவர்களுக்குப் பெயரே இருக்காது. நமக்கு இது புதிதா? மகா எலிய என்று ஊர் ஜனம் சொல்லி வந்த வெளிக்கு, 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த ஹோர்டனின் பெயரைச் சூட்டினார்கள், இன்றைக்கும் நாம் ஹோர்டன் சமவெளி என்றுதான் டிக்கெட் எடுக்கிறோம். இவள் நாவலில் கதை சொல்வது சங்கிலி பிடிக்கிறவள். ஒவ்வொரு உலகத்திலும் அளவைக்காரத் துரை ஒரு பெயர் எழுதுகிறார், அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டு அவள் இன்னொரு பெயரை மனப்பாடம் செய்துகொள்கிறாள். கடைசியில் வரைபடம் எரிந்து போனபோது வழி தெரிந்த ஒரே ஆள் அவள்தான். உலகங்களை ஆராய்கிற கதை ஒன்றைச் சுமைகாரர் பக்கத்திலிருந்து எழுத ஆள் வேண்டுமென்றால் மலையகத்தைவிடப் பொருத்தமான இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து வந்து பாதியிலே செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த வழியை நினைவுகூர்ந்து 2023இல் மறுபடி நடந்தார்களே, உங்கள் பத்திரிகையிலும் படம் வந்ததே.

மாயக் கதை வெளியிலிருந்து வந்த சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கிக் கிடந்த பெண்ணை ஒரு தெய்வம் தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே மணிபல்லவத்தில் வைக்கிறது, எழுந்தவளுக்கு இடமும் தெரியவில்லை, ஆளும் இல்லை. பிறகு தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரம் சொல்லிக் கொடுக்கிறது: வேறு உருவம் எடுக்க, வானத்தில் போக, பசி தெரியாமல் இருக்க. அந்நிய உலகத்துக்குப் போகிறவளுக்கு இந்த மூன்றையும்விட வேறு என்ன வேண்டும்? முதல் இரண்டையும் எல்லா மாயக் கதைக்காரரும் கொடுப்பார்கள். மூன்றாவதை மறந்துவிடுவார்கள், அவர்களுடைய வீரர்கள் மாதக்கணக்கில் நடப்பார்கள், எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு வரி இருக்காது. அதே காப்பியத்தில் சாதுவன் கதையும் வருகிறது. கப்பல் உடைந்து, முறிந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்குகிறான், மனுஷ மாமிசம் தின்கிற அந்த ஆட்கள் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள், அவர்களுடைய பாஷையை அவன் முன்பே கற்றிருந்ததால்தான் உயிர் தப்புகிறான். வாளை எடுக்கவில்லை, பேசித் தப்பினான். நம்முடைய சிவனொளிபாத மலைகூடச் சமனொளி என்ற பெயரில் அந்தக் காப்பியத்தில் இருக்கிறது, அதை வலம் வந்து திரும்புகிற சாரணர்களைப் பற்றி அதில் வருகிறது. நல்லதண்ணி வழியாக வருஷா வருஷம் நாம் ஏறுகிற அதே மலை.

காப்பியம் வேண்டாம், லயத்துக்கு வாருங்கள். மாசியில் காமன் கூத்து ஆடுகிறோம். மன்மதன் எரிகிறான், ரதி அழுகிறாள், விடிகிறவரை சனம் குளிரில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறது, பிறகு அவன் உயிரோடு எழும்புகிறான். வேஷம் கட்டினவன் நேற்று வரைக்கும் பக்கத்துக் காம்பராக்காரன் என்று எல்லாருக்கும் தெரியும், அப்படியிருந்தும் பெரியவர்கள் அவன் காலில் விழுந்து கும்பிடுகிறார்கள். பொன்னர் சங்கர் கூத்தில் படுகளத்தில் விழுந்தவர்களை அவர்களுடைய தங்கை தங்காள் எழுப்புகிறாள். இந்தச் சனத்துக்கு வேறு உலகக் கதை புரியாது, ஒட்டாது என்று எந்தக் கணக்கில் முடிவெடுத்தீர்கள்?

பிள்ளையின் நாவலில் குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் பாகத்தில் ஒரு யுத்தம் வருகிறது, அது முடியவே முடியாது, சினிமாவில் பார்த்தது என்று அப்பட்டமாகத் தெரிகிறது. வில்லன் வாயைத் திறந்தால் பஞ்ச் டயலாக். ஆட்களுக்கு வைத்த பெயர்கள் அதிகம், எனக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிக்க முடிந்தது. இரண்டாவது உலகத்திலிருந்து வெளியே வருகிற வழி கொஞ்சம் ஏமாற்று வேலை, அவளே போட்ட விதியை அவளே மீறுகிறாள். இப்படிப்பட்ட கதையில் அதைவிடப் பெரிய பிழை இல்லை, வாசலில் கேட்ட விலையைக் கடைசி வரைக்கும் கேட்க வேண்டும். இதை அவளிடம் சொன்னேன், முகம் சுருங்கிப் போனது, ஆனால் திருத்திக்கொண்டிருக்கிறாள். நல்ல ஆசிரியர் குழு கையில் கிடைத்தால் இவையெல்லாம் ஒரு வாரத்து வேலை.

தொடராகப் போடுவதற்கு இது தோதானது என்பதையும் யோசியுங்கள். ஒவ்வொரு உலகமும் ஒரு பாகம், இடையில் ஒரு கிழமை பத்திரிகை வாங்காமல் விட்டவனும் அடுத்த உலகத்தில் ஏறிக்கொள்ளலாம். முதல் கிழமை ஒரு வரைபடம் போட்டால் பிள்ளைகள் வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொள்வார்கள். வரைபடத்துக்கும் வெளியே தேட வேண்டாம். ஹோர்டன் சமவெளியையும் அதன் ஓரங்களையும் தொட்டு மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் போகிறது, ஒன்று திருகோணமலைப் பக்கம், ஒன்று கொழும்பு, ஒன்று தெற்கே அம்பலாந்தோட்டை. அந்த வெளியின் ஓரத்தில் மலை அறுந்து விழுகிற இடத்துக்கு உலக முடிவு என்று பெயர் வேறு. கற்பனை உலகத்துக்கு வரைபடம் போடுகிறவன் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டான் என்று நாமே சொல்லியிருப்போம்.

யதார்த்தக் கதை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சம்பளம், காணி, வீடு, கல்வி என்று எழுத வேண்டியது மலை மலையாகக் கிடக்கிறது, எழுதட்டும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து எது நல்ல கதை என்று பாருங்கள், எந்த வகை என்று பார்த்துக் கதவிலேயே திருப்பி அனுப்பாதீர்கள் என்கிறேன். நடுவர்களில் ஒருவராவது இந்த வகையை விரும்பி வாசிக்கிறவராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முதல் பக்கத்தில் கோச்சி வேறு உலகத்தில் நின்றவுடனே கொப்பியை மூடிவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு அறிவித்தலை மறுபடி போடும்போது அந்த வரி இல்லாமல் போடுங்கள், முடிவுத் திகதியையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள், பயந்து அனுப்பாமல் இருக்கிற பிள்ளைகள் இவள் ஒருத்தி மட்டும் இல்லை. கையெழுத்துப் பிரதி எடுப்பீர்களா, தட்டச்சு மட்டும்தானா என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலரிடம் கணினி கிடையாது, போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார்கள், நாலு உலகத்தை அப்படித் தட்டி முடிக்கக் காலம் எடுக்கும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியர்,
மஸ்கெலியா.